இஸ்தான்புல்லில் நட்டது, ஈரோட்டில் பார்த்தது

நான் டாக்டர் இல்லை, ஈரோட்டில் டாக்டர்களுக்குக் கணக்கு பார்ப்பவன். பில் புத்தகம், பேங்க் ஸ்டேட்மென்ட், மாதாமாதம் இருபதாம் தேதிக்குள் ஜிஎஸ்டி ரிட்டர்ன், இதுதான் பிழைப்பு. பெருந்துறை ரோட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு ஆஸ்பத்திரியின் காம்பவுண்டு முடிகிற இடத்தில் அடுத்த ஆஸ்பத்திரியின் போர்டு தொடங்கும். அந்த வரிசையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி கிளினிக் வைத்திருக்கிற பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவரும் எனக்கு வாடிக்கையாளர். பெயர், சந்து, படித்த காலேஜ் எதுவும் இங்கே வராது. “எழுதிக்கங்க, ஆனா ஆளக் கண்டுபிடிக்கிற மாதிரி வேண்டாமுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார்.

மற்ற டாக்டர்களுக்கு ஜிஎஸ்டி பெரிய தலைவலி இல்லை. வைத்தியத்துக்கு வரி கிடையாது. பிளாஸ்டிக் சர்ஜனுக்கு மட்டும் கணக்கு இரண்டாகப் பிரியும். பிறவிக் குறை, வளர்ச்சிக் கோளாறு, காயம், விபத்து இவற்றால் கெட்டுப்போன உறுப்பைச் சீர்செய்தால் வரிவிலக்கு. அழகுக்காகச் செய்தால், முடி நடுவதும் சேர்த்து, 18 சதவீதம். கவுந்தப்பாடிப் பக்கம் வெல்லம் காய்ச்சுகிற இடத்தில் கொதிக்கிற பாகு கொட்டி வெந்துபோன கைக்குத் தோல் ஒட்டினால் ஒரு பக்கம், நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் மூக்கை எடுப்பாக்கிக்கொண்டால் இன்னொரு பக்கம்.

இரண்டு பக்கத்தையும் பல வருஷமாக நான்தான் கூட்டுகிறேன். வரி போடுகிற பக்கம் மெலிந்துகொண்டே வருகிறது. இத்தனைக்கும் தலையையும் வயிற்றையும் மூக்கையும் சரிபண்ணிக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் முன்னைவிட இப்போது ஊரில் அதிகம். அவர்கள் விமானம் ஏறிவிடுகிறார்கள்.

வெள்ளைக்காரர்கள் இதற்காக வெளிநாடு போவதன் காரணம் சுலபமாகப் புரியும், பணம். லண்டனில் கேட்கிற தொகையில் ஒரு பங்கு கொடுத்தால் இஸ்தான்புல்லில் ஓட்டல் அறையோடு வேலை முடிந்துவிடும். துருக்கி லிரா 2018-லும் 2021-லும் சரிந்தபோது யூரோ வைத்திருப்பவனுக்கு இன்னும் கொண்டாட்டம். தாய்லாந்துக் கதையும் நாணயம் விழுந்த கதைதான். 1997-ல் பாட் மதிப்பு சரிந்து, உள்ளூர்ப் பணக்காரர்கள் தனியார் ஆஸ்பத்திரிக்கு வருவது குறைந்ததும், பாங்காக்கின் பும்ருங்ராட் போன்ற பெரிய ஆஸ்பத்திரிகள் வெளிநாட்டு நோயாளிகளைத் தேடிப் போக ஆரம்பித்தன. அமெரிக்கர்களுக்கு மெக்சிகோவும் டொமினிகன் குடியரசும் பக்கம். சீனாக்காரர்களுக்கு சியோலின் கங்னம்.

நம் ஊருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. ஈரோட்டிலோ கோயமுத்தூரிலோ முடி நட ஆகிற செலவு இஸ்தான்புல் பேக்கேஜை ஒன்றும் மிஞ்சிவிடாது. விமான டிக்கெட்டைச் சேர்த்தால் இங்கேதான் மலிவு. நூல் விலையில் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைப்பதற்கு அரை நாள் பேசுகிற ஆள், உள்ளூரில் கிடைப்பதற்கு இரட்டை விலை கொடுத்துக் கடல் தாண்டுகிறான் என்றால், அந்த உபரிக் காசு யாருக்கும் தெரியாமல் இருப்பதற்கு.

ஈரோட்டுக் கிளினிக்கின் வரவேற்பறையில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். கையில் கட்டோடு வந்திருக்கிற சித்தோட்டுக்காரர் உங்கள் பெரியப்பா வீட்டுச் சம்பந்தியாக இருப்பார். “என்னுங் மாப்பிள்ளை, இங்க என்ன சோலி?” என்று கேட்பார். என்ன சொல்வீர்கள்? சாயங்காலத்துக்குள் சொந்தபந்தம், ஒறம்பரை முழுக்கச் சேதி போய்விடும். அதுவும் இது கல்யாணச் சமாச்சாரம். முப்பத்தைந்து தாண்டியும் பெண் அமையாமல் கோயில் கோயிலாகச் சுற்றும் மாப்பிள்ளைகள் கொங்குநாட்டில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். தோட்டம், பஸ் பாடி பட்டறை, தறி, கார் எல்லாம் இருக்கும். பெண் வீட்டார் முதலில் பார்ப்பது வாட்ஸ்அப்பில் வருகிற போட்டோவை. நெற்றி ஏறியிருந்தால் ஜாதகத்தைப் பிரிப்பதே இல்லை.

முடி நட்டால் தலையை ஒட்ட வெட்ட வேண்டும். நட்ட இடத்தில் பொடிப்பொடியாகப் பொருக்கு கட்டி உதிர ஒன்றரை, இரண்டு வாரம் ஆகும். உள்ளூரில் செய்துகொண்டவர்களுக்கு இருக்கவே இருக்கிறது ஒரு சாக்கு: பழனிக்கு மொட்டை. ஆனால் பழனி மொட்டையில் பொருக்கு வராது, சந்தனம்தான் இருக்கும். எனவே தொப்பி. தொப்பி போட்டால் அதற்கு ஒரு விசாரணை. இதற்கெல்லாம் பயந்துதான் விமானம் ஏறுகிறார்கள். பெண்கள் என்றால் பாங்காக் டூர். 2023 நவம்பரில் தாய்லாந்து இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று சொல்லிவிட்டது. பட்டியல் போட்டுச் சாமான் வாங்கப் போகிறேன் என்றால் வீட்டில் யாரும் சந்தேகப்படுவதில்லை.

என் மனைவியின் தம்பி, நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறவன், கரூரில் படுக்கை விரிப்பு, திரைச்சீலை ஏற்றுமதி செய்கிறான். கரூர்க்காரர்கள் ஜனவரி ஆனால் பிராங்பர்ட்டில் நடக்கிற ஹெய்ம்டெக்ஸ்டில் கண்காட்சிக்குப் படையெடுப்பார்கள். அதற்கு வாங்கிய ஷெங்கன் விசா கையில் இருந்தால் துருக்கிக்கு இ-விசா எளிதில் கிடைத்துவிடும். துணி வாங்குகிற பையர் ஒருவரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, திரும்பும் வழியில் இஸ்தான்புல்லில் இறங்கிவிட்டான். அந்த ஏர்போர்ட்டில் தலையில் கறுப்புப் பட்டையும் பின்மண்டையில் கட்டுமாக விமானத்துக்குக் காத்திருக்கிற ஆண்கள் கூட்டம் கூட்டமாக இருப்பார்களாம். துருக்கி விமான நிறுவனத்தின் பெயரைத் திருப்பி ‘டர்கிஷ் ஹேர்லைன்ஸ்’ என்று உலகமே கேலி பண்ணுகிற அளவுக்கு அது பிரசித்தம்.

“மாமா, கார் அனுப்புனாங்க, ஓட்டல் அவங்களே போட்டாங்க, ஒரு குறை சொல்ல முடியாதுங். ஆனா டாக்டர அஞ்சு நிமிஷந்தான் பார்த்தேன். நெத்தியில பேனாவுல கோடு போட்டுட்டுப் போனவருதான், அப்புறம் வரவே இல்ல” என்றான். மற்றதையெல்லாம் டெக்னீஷியன்கள் பார்த்தார்கள். குப்புறப் படுத்தபடி பின்மண்டையிலிருந்து எடுத்தது காலையில், மல்லாந்து படுத்தபடி முன்னால் நட்டது மத்தியானத்துக்கு மேல். பக்கத்து அறைகளிலும் அதே வேலை அதே வேகத்தில் நடந்துகொண்டிருந்ததாம்.

துருக்கியை மட்டும் சொல்வது நியாயம் இல்லை. கோடு போட்டுவிட்டு நழுவுகிற டாக்டர் உலகம் முழுக்க இருக்கிறார். தென் கொரியாவில் 2016-ல் தாடை அறுவை செய்துகொண்ட ஒரு கல்லூரி மாணவர் ரத்தம் இழந்து இறந்துபோனார். பேசிய டாக்டர் ஒருவர், பாதியில் கத்தியை வாங்கிக்கொண்டவர் வேறொருவர். அந்த மாணவரின் தாயார் விடாமல் போராடினார். கடைசியில் 2021-ல் சட்டமே வந்தது. மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அறுவைக்கு ஆபரேஷன் தியேட்டரில் கேமரா இருக்க வேண்டும் என்று 2023 செப்டம்பரிலிருந்து அங்கே கட்டாயம். நம் சென்னையிலும் அதே 2016-ல் முடி நடப் போன ஒரு மருத்துவ மாணவர் உயிரோடு திரும்பவில்லை. தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல்தான், முடி நடுவதை யூடியூப் பார்த்தும் ஒர்க் ஷாப் போயும் கற்றுக்கொண்டு செய்யக் கூடாது, முறையாகப் பயின்ற டாக்டர்தான் செய்ய வேண்டும் என்று வழிகாட்டுதல் போட்டது. போட்டார்கள், சரி. பியூட்டி பார்லருக்கு மேல்மாடியில் இன்றைக்கும் போர்டு தொங்குகிறது.

முடி நடும் வேலையில் ஒரு விஷயத்தை மட்டும் புரிந்துகொண்டால் மீதிக் கதை தானாக விளங்கும். பின்மண்டை முடி சாகிற வரைக்கும் கொட்டாத ஜாதி. அதை வேரோடு எடுத்து முன்னால் வைத்தால், வைத்த இடத்திலும் அந்தக் குணத்தோடேயே வளரும். அமெரிக்காவில் நார்மன் ஓரன்ட்ரைச் 1959-ல் இதை எழுதிக் காட்டிய பிறகுதான் இந்தத் தொழிலே பிறந்தது. நாற்றங்காலிலிருந்து பிடுங்கி வயலில் நடுகிற மாதிரிதான், என்ன, இந்த நாற்றங்காலில் மறுபடி விதை போட முடியாது. எடுத்தது எடுத்ததுதான். அப்புறம் இன்னொன்று. நட்ட முடி சில வாரத்தில் உதிர்ந்துவிடும். வேர் உள்ளேயே கிடந்து மூன்று, நான்கு மாதம் கழித்து முளைக்கும். முழுசாகப் பலன் தெரிய ஒரு வருஷம் ஆகும். நட்டவனை இரண்டாம் நாள் ஏர்போர்ட்டில் இறக்கிவிடுகிறார்கள். ஒரு வருஷம் கழித்து வருகிற தலையை யார் பார்ப்பது?

அங்கேதான் எங்கள் ஊர் டாக்டர் வருகிறார்.

மாப்பிள்ளையை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கடைசி டோக்கன் போட்டு, மற்றவர்கள் எல்லாம் போன பிறகு. டாக்டர் அவனைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்து, பின்மண்டை முடியைச் சீப்பின் வாலால் வகிடு வகிடாகப் பிரித்து, தோல் பார்க்கிற சின்ன லென்ஸை வைத்து, அது பிடிக்கிறதைப் பக்கத்துத் திரையில் காட்டினார். ஒரு துளையில் இரண்டு மூன்று முடி முளைத்திருப்பது சாதாரணம். இங்கே நடுநடுவே வெறும் வெள்ளைப் புள்ளி. ஒன்று விட்டு ஒன்று எடுத்திருந்தால் வெளியில் தெரியாது. காதுக்கு மேலே ஓரிடத்தில் அடுத்தடுத்து ஐந்தாறு வெள்ளைப் புள்ளி. முடியைத் திரும்பப் படிய விட்டால் அந்த இடத்தில் தோல் தெரிந்தது. பிறகு நாற்காலியைத் திருப்பினார். நெற்றியோரத்தில் முதல் வரிசைக்கு ஒற்றை முடி வேர்களைத்தான் தேர்ந்து வைக்க வேண்டும், அதுவும் கொஞ்சம் முன்னே பின்னேயாக, அப்போதுதான் பிறவி முடி மாதிரி இருக்கும். இவனுக்கு மூன்று முடி வேர்களை நேர்கோட்டில் வைத்திருந்தார்கள்.

“எத்தனை எடுத்தாங்கன்னு சொன்னாங்க?”

“நாலாயிரத்து ஐந்நூறுங்க டாக்டர்.”

“பேப்பர் இருக்குதுங்களா?”

இருந்தது. துருக்கி மொழியில் ஒரே தாள். தேதி, எண், ரப்பர் ஸ்டாம்ப். யார் எடுத்தது, யார் நட்டது, மரத்துப்போகும் மருந்து எவ்வளவு ஏற்றினார்கள், ஒற்றை முடி வேர் எத்தனை, மூன்று முடி வேர் எத்தனை, ஒன்றும் இல்லை. டாக்டர் அதை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். திட்டவில்லை, ‘எங்கிட்ட வந்திருந்தா’ என்று ஆரம்பிக்கவும் இல்லை. முன்வரிசை மூன்று முடி வேர்களில் சிலதை எடுத்துப் பின்னால் மாற்றி வைக்கலாம், தாடைக்குக் கீழிருந்து தாடி முடி எடுத்து வெள்ளைப் புள்ளி இருக்கும் இடத்தில் நிரப்பலாம், மீதி முடி கொட்டாமல் இருக்க மினாக்ஸிடில் என்கிற தடவுகிற மருந்தும் மாத்திரையும் தொடர வேண்டும், முழுசாகப் பழையபடி ஆகாது என்றார். கிட்டத்தட்ட ஒவ்வொரு வாக்கியமும் ‘பார்க்கலாம்’ என்றுதான் முடிந்தது.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை சொன்னான், “இவரு ஒண்ணுமே உறுதியாச் சொல்ல மாட்டேங்கறாரு மாமா. அவங்க வாட்ஸ்அப்ல எவ்ளோ தெளிவாப் பேசுனாங்க!”

எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டேன். ஆனால் அவன் சொன்னதில் தொழில் ரகசியம் ஒன்று இருக்கிறது. எம்பிபிஎஸ் ஐந்தரை வருஷம், பொது அறுவை மூன்று வருஷம், அதற்கு மேல் பிளாஸ்டிக் சர்ஜரி மூன்று வருஷம் படித்தவர், படித்த பாவத்துக்காக, என்னென்ன தப்பாகப் போகும் என்று முதலில் சொல்வார். வாட்ஸ்அப்பில் பதில் போடுகிற கவுன்சலருக்கு அந்தப் பாரம் இல்லை. ஆளை இழுப்பதில் டாக்டர் தோற்கிற இடம் இதுதான், விலையில் இல்லை.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். மாப்பிள்ளையின் இரண்டாவது வேலைக்கு பில் எப்படிப் போடுவது? முடி நடுவது அழகுக் கணக்கு, 18 சதவீதம் போட வேண்டும் என்றேன் நான். “இது காயமுங்க. ஒருத்தன் ஊசியால குத்திக் கெடுத்த தோலை நான் சரி பண்றேன். காயத்துக்கு வரி இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க” என்றார் டாக்டர். ஜிஎஸ்டி அறிவிக்கையில் ‘காயம்’ என்றுதான் இருக்கிறது, காயப்படுத்தியது தறியா டெக்னீஷியனா என்று கேட்கவில்லை. ஆனால் ஆரம்பமே அழகுக்காகச் செய்ததாயிற்றே என்று அதிகாரி கேட்டால் நான் போய் நிற்க வேண்டும். காபி ஆறுகிற வரை வாதாடினோம். கடைசியில் நான் வரி போட்டுத்தான் தாக்கல் செய்தேன், அந்த வரியை அவர் தன் கட்டணத்திலேயே கழித்துக்கொண்டார். இப்படிப்பட்ட பில்கள் இப்போது மாதாமாதம் வருகின்றன. முடி நடும் நிபுணர்களின் சர்வதேசச் சங்கம் கெட்டுப்போன தலைகளுக்கென்றே நவம்பர் 11-ஐ ஒரு நாளாக ஒதுக்கியிருக்கிறது, அன்றைக்கு இலவசமாகச் சரிசெய்து கொடுக்கிற டாக்டர்கள் உண்டு. எங்கள் டாக்டருக்கு அதற்குத் தனியாக நாள் தேவைப்படவில்லை.

முடியாவது பரவாயில்லை, உயிர் போகாது. அவர் சொன்ன இன்னொரு கதை வேறு மாதிரி. ஆள் அடையாளத்தை மாற்றித்தான் சொன்னார், நான் இன்னும் மாற்றியிருக்கிறேன். சேலம் பக்கத்து அம்மா ஒருவர் வெளிநாட்டில் வயிற்றுக் கொழுப்பை எடுத்துத் தோலை இறுக்கிக்கொண்டு வந்தார். தழும்பு நன்றாக ஆறியது. ஆறு வாரம் கழித்துத் தழும்பை ஒட்டிக் கட்டி கட்டியாகக் கிளம்பியது. உள்ளூர் டாக்டர் ஆன்டிபயாடிக் கொடுத்தார். அடங்கின மாதிரி இருந்து மறுபடி வந்தது. அடுத்த டாக்டர் கீறி விட்டார். மறுபடி வந்தது. மூன்றாவது இடத்தில், எங்கே செய்தீர்களோ அங்கேயே போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நாலாவதாக இவரிடம் வந்தபோதும் கர்ப்பப்பை ஆபரேஷன் என்றுதான் சொன்னார், ஏனென்றால் மாமியார் வீட்டில் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார், பக்கத்தில் நாத்தனாரும் உட்கார்ந்திருந்தார். தழும்பு போகிற போக்கைப் பார்த்தே டாக்டருக்குச் சந்தேகம். அடுத்த முறை நாத்தனாரை வெளியே உட்கார வைத்துவிட்டு, “அம்மிணி, உண்மையைச் சொன்னாத்தான் மருந்து எழுத முடியும்” என்றார். அப்புறம்தான் சொன்னார்.

காசநோய்க் கிருமிக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு வகைக் கிருமி உண்டு. மண்ணிலும் தண்ணீரிலும் இருப்பது, சரியாகச் சுத்தம் செய்யாத கருவி வழியாக உள்ளே போகும். வாரக்கணக்கில் அசையாமல் இருந்துவிட்டு மெதுவாகக் கிளம்பும். சாதாரண ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. திசுவை எடுத்து வளர்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும், லேபுக்கு ‘இதைத் தேடு’ என்று எழுதி அனுப்பாவிட்டால் தப்பிவிடும். இரண்டு மூன்று மருந்தைச் சேர்த்து மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும், நடுவில் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்ய வேண்டும். 2013, 2014-ல் டொமினிகன் குடியரசுக்குப் போய் வந்த அமெரிக்கப் பெண்கள் பலருக்கு வந்ததும் இதே இனத்துக் கிருமிதான். வெளிநாட்டில் ஆபரேஷன் என்கிற ஒரு வார்த்தையை முதல் டாக்டரிடமே சொல்லியிருந்தால் அவர் இதை நினைத்துப் பார்த்திருக்க வாய்ப்பு உண்டு. ரகசியத்துக்காகக் கொடுத்த காசு அந்த அம்மாவுக்கு இப்படித் திரும்பி வந்தது.

அதே டொமினிகன் குடியரசில் 2009 முதல் 2022 வரை அழகு அறுவைக்குப் பிறகு 93 அமெரிக்கர்கள் இறந்துபோனதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்கெடுத்து வெளியிட்டது. பெரும்பாலும் பெண்கள். பல பேருக்கு நுரையீரலுக்குக் கொழுப்போ ரத்தக் கட்டியோ போய் அடைத்ததுதான் காரணம். வயிற்றில் பெரிய வேலை செய்துகொண்டு மூன்றாம் நாள் காலை மடக்கியபடி பத்து மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்தால் கட்டி கட்டாமல் என்ன செய்யும்? ஒரு வாரமாவது இருந்துவிட்டு ஏறுங்கள் என்று எல்லா டாக்டரும் சொல்கிறார்கள். பேக்கேஜில் ஓட்டல் ஐந்து நாள்தான்.

பிரிட்டனில் இப்படித் திரும்பி வருகிறவர்களை அரசு மருத்துவம் ஏற்றுக்கொள்கிறது, செலவு பொதுப் பணம். அங்கே டாக்டர் சங்கத்துக்குப் புலம்பவாவது வழி இருக்கிறது. நம் ஊரில் உடல்நலக் காப்பீட்டில் அழகு அறுவை வராது, அதனால் வந்த சிக்கலுக்கும் பொதுவாகக் கைவிரித்துவிடுவார்கள். கையில் காசு தீர்ந்தவர்கள் கடைசியில் கோவை அரசு மருத்துவமனைக்குத்தான் போகிறார்கள். தனியார் டாக்டர்களோ தொடவே பயப்படுகிறார்கள். அதில் குற்றம் சொல்ல முடியவில்லை. 1995-ல் உச்ச நீதிமன்றம் டாக்டர் தொழிலையும் நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2019-ல் வந்த புதுச் சட்டப்படி நோயாளி தான் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம். நல்ல விஷயம்தான். ஆனால் இஸ்தான்புல் கிளினிக்குக்கு ஈரோட்டிலிருந்து நோட்டீஸ் அனுப்பி என்ன நடக்கும்? கைக்கு எட்டுகிறவர் கடைசியாகத் தொட்ட உள்ளூர் டாக்டர். “அவங்க கெடுத்ததும் நான் கெடுத்ததும் கோர்ட்டுல ஒரே போட்டோவுல இருக்கும்” என்றார் எங்கள் டாக்டர். அதனால் இப்போது தொடுவதற்கு முன்னால் பல கோணத்தில் படம் எடுத்து, நோயாளியிடமே தமிழில் எழுதி வாங்கிக்கொள்கிறார்.

ஒரு பக்கம் மட்டும் பேசக் கூடாது. கொங்குநாட்டு ஆஸ்பத்திரிகளும் இதே விளையாட்டில் அந்தப் பக்கம் ஆடுகின்றன. கேரளா, இலங்கை, மாலத்தீவு, வளைகுடா என்று கோயமுத்தூருக்கு நோயாளிகள் வருவது ஊரறிந்தது. விடுமுறைக்கு வருகிற துபாய்க்காரரும் சிங்கப்பூர்க்காரரும் இங்கே முடி நட்டுக்கொண்டு போகிறார்கள். ஒரு வருஷம் கழித்து அந்தத் தலையைப் பார்க்கிற மஸ்கட் டாக்டர் நம்மைப் பற்றி என்ன பேசிக்கொள்வார் என்று கேட்டேன். டாக்டர் சிரித்தார். “நாம பேசறதத்தான்.”

ஆனால் கோயமுத்தூரின் பிளாஸ்டிக் சர்ஜரிப் பெயர் அழகில் வந்தது இல்லை. மில்லும் தறியும் கிரைண்டரும் கரும்பு ஆலையும் நிறைந்த ஊரில் நசுங்கிய கைகளைச் சேர்த்துச் சேர்த்து வந்த பெயர். 1978-ல் தொடங்கி இப்போது மேட்டுப்பாளையம் ரோட்டில் இருக்கிற கங்கா மருத்துவமனையில் டாக்டர் ராஜசபாபதி வளர்த்த கை அறுவைப் பிரிவுக்கு வெளிநாட்டு சர்ஜன்கள் கற்றுக்கொள்ள வருகிறார்கள். யோசித்தால் இந்தக் கலை முதலில் இங்கிருந்துதான் கப்பல் ஏறியது. ஆங்கிலேயப் படைக்கு மாடு ஓட்டிய கோவாஸ்ஜி திப்பு படையிடம் சிக்கி மூக்கை இழக்க, புனேயில் நெற்றித் தோலைத் திருப்பிப் புது மூக்கு வைத்தார்கள். 1794-ல் லண்டன் இதழ் ஒன்றில் அது படத்தோடு வந்தது, அதைப் பார்த்து ஜோசப் கார்ப்யூ என்கிற ஆங்கிலேயர் 1814-ல் அதே முறையைச் செய்து பார்த்தார். அதற்கும் ஒன்றரை நூற்றாண்டு முன்னால், திருமலை நாயக்கரின் கடைசிக் காலத்தில், மைசூர்ப் படை சத்தியமங்கலம் வழியாக இறங்கி மூக்கு மூக்காக அறுத்துக்கொண்டு போன மூக்கறுப்புப் போர் நம் எல்லையில்தான் தொடங்கியது. சத்தியிலிருந்து டாக்டரிடம் மூக்கு சரிபண்ண வருகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லலாம் என்று எனக்கு ஆசை. அவர் விடமாட்டார்.

சரி, கணக்குக்கு வருகிறேன். வரி போடுகிற பக்கம் மெலிந்தால் டாக்டருக்கு வருமானம் குறைகிறது, அவ்வளவுதானே என்று நானும் பல நாள் நினைத்திருந்தேன். இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படித்தால்தான் தெரியும், வரி இல்லாத பக்கம் எப்போதும் வரி உள்ள பக்கத்தின் தயவில்தான் ஓடியது. பவானியிலோ பள்ளிபாளையத்திலோ தறியில் விரல் போனவனிடம் என்ன பில் போட முடியும்? மைக்ராஸ்கோப்பின் கீழே தலைமுடியைவிட மெல்லிய நூலால் ரத்தக்குழாயைத் தைக்கும் வேலை, ராத்திரி முழுக்க ஆகும். மயக்க டாக்டர், தியேட்டர் ஆட்கள் எல்லோருக்கும் சம்பளம் உண்டு. இன்சூரன்ஸ் தொகை வந்தால் பாதியை ஈடுகட்டும். மீதியை வெள்ளிக்கிழமை செய்த மூக்கும் சனிக்கிழமை செய்த கொழுப்பும் கொடுத்தன. அந்த மூக்கும் கொழுப்பும் இப்போது பாங்காக்கில் இருக்கின்றன. அவற்றின் சிக்கல் மட்டும் ஈரோட்டுக்கு வருகிறது, அது நேரத்தைத் தின்கிற வேலை, பணம் தராத வேலை.

அதனால் டாக்டர் போன வருஷம் ஒரு முடிவு எடுத்தார். கோயமுத்தூரில் முடி நடுகிற பெரிய கிளினிக் ஒன்றில் வாரத்தில் மூன்று நாள் சேர்ந்துவிட்டார். கோட் சூட் போட்டு எடுத்த அவர் படம் ஃபிளெக்ஸில் இருக்கிறது. இங்கே டாக்டரே நடுகிறார் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கொட்டை எழுத்தில் சொல்ல வேண்டிய விஷயமா அது? ஆனால் அதைப் பார்த்து ஆட்கள் வருகிறார்கள், சம்பளம் சரியாக ஒன்றாம் தேதி ஏறுகிறது. ஈரோட்டுக் கிளினிக்கின் மைக்ராஸ்கோப்புக்கு இன்னும் தவணை பாக்கி.

அந்த மூன்று நாளில் விரல் வெட்டுப்பட்டு வருகிறவர்களை நர்ஸ் ஆம்புலன்ஸில் ஏற்றிக் கோயமுத்தூருக்கு அனுப்புகிறார். நூறு கிலோமீட்டர், போக்குவரத்து நன்றாக இருந்தால் இரண்டு மணி நேரம். துண்டான விரல் குளிர்ச்சியில் இருந்தால் தாங்கும், சதை உள்ள கை என்றால் ஆறு மணி நேரத்துக்கு மேல் போனால் கஷ்டம். தறி ஓட்டுகிறவர்கள் யாராவது படித்தால் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும்: துண்டான பாகத்தை ஐஸில் நேராகப் போடாதீர்கள். சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் போட்ட இன்னொரு கவருக்குள் வையுங்கள். செவ்வாய், வியாழன், சனியில் பெருந்துறை ரோட்டுக்கு வந்து நேரத்தைக் கடத்தாமல் நேராகக் கோயமுத்தூருக்கே வண்டியைத் திருப்பச் சொல்லுங்கள்.